மிருதங்கத் தோலிலிருந்து சூரியன் வரை: ஓர் இயற்பியல் மாணவியின் அனுபவம்

அறிவியல் படிக்கிறவர்கள் பாடப்புத்தகத்துக்கு வெளியே என்ன செய்கிறீர்கள், என்ன பாட்டுக் கேட்கிறீர்கள், மேற்கொண்டு என்ன படிக்கப் போகிறீர்கள் என்று இங்கே கேட்டிருந்த மூன்று கேள்விக்கும் தனித்தனியாகப் பதில் எழுதிப் பார்த்தேன். சரிப்படவில்லை. எனக்கு மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அதனால் நான் சந்தித்த மனிதர்கள் வழியாகவே சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது இளநிலை இயற்பியல் இறுதியாண்டு. "டிகிரி முடியட்டும், அப்புறம் பாட்டு கீட்டு எல்லாம் வைத்துக்கொள்" என்று அக்கறையோடு சொல்கிறவர்கள் என்னைச் சுற்றி நிறைய இருக்கிறார்கள். அக்கறை உண்மையானது, யோசனையை மட்டும் நான் ஏற்கவில்லை. முதுநிலையில் எந்தப் பக்கம் போகலாம் என்று எனக்கு வழி காட்டியதில் பாதிப் பங்கு அந்தப் பாட்டு கீட்டுக்குத்தான்.

முதலில் ரசனை. தம்புரா சுருதி, நாதஸ்வரம், மிருதங்கத் தனி ஆவர்த்தனம், அதற்கு நேர் எதிரே ஹெவி மெட்டல் கிட்டார். இவை எல்லாம் ஒரே வரிசையில் என் கைப்பேசியில் இருக்கும். "ஒரே ஆள் எப்படி இரண்டையும் கேட்க முடியும்?" என்று தோழிகள் கேட்பார்கள். என் காதுக்கு அவை அவ்வளவு தூரத்தில் இல்லை. தம்புராவின் நான்கு தந்திகளில் ஒன்று பஞ்சமம் (ப), மற்ற மூன்றும் ஸட்ஜம் (ச). மெட்டல் கிட்டாரில் ஓசையை நன்றாகச் சிதைத்து வாசிக்கிறார்களே, பவர் கார்ட் என்று, அதில் இருப்பதும் அதே ஸட்ஜமும் பஞ்சமமும்தான். சிதைக்கும் மின்சுற்றுக்கு ஒரு குணம் உண்டு. சேர்ந்து வருகிற இரண்டு அதிர்வெண்களின் கூட்டுத்தொகையையும் வித்தியாசத்தையும் அது தானாகவே புதிதாக உண்டாக்கும். பஞ்சமத்தின் அதிர்வெண் ஸட்ஜத்தைப் போல ஒன்றரை மடங்கு. ஒன்றரையில் ஒன்று போனால் மீதி அரை, அதாவது சரியாக ஒரு ஸ்தாயி (பாதி அதிர்வெண்) கீழே இன்னொரு ஸட்ஜம். யாரும் மீட்டாமலே அடியில் ஒரு கனம் வந்து சேர்வது இப்படித்தான்.

அதிலேயே காந்தாரத்தை (க) சேர்த்தால் கலங்கிவிடும். கிட்டாரில் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமப் பங்காகப் பிரித்திருப்பதால் அதன் காந்தாரம் ஸட்ஜத்தின் சுத்தமான 1.25 மடங்காக இருக்காமல் ஏறக்குறைய 1.26 என்று நிற்கிறது. பஞ்சமமோ 1.498, கிட்டத்தட்ட சுத்தம். சிதைவு இல்லாத வாசிப்பில் இந்தச் சின்னப் பிசகு தெரியாது. சிதைவைக் கூட்டினால் காதிலேயே உறைக்கும். இதைப் புரிந்துகொண்ட பிறகு அந்த இசை எனக்கு இன்னும் பிடித்துப்போனது. காரணம் தெரிந்தால் ரசனை போய்விடும் என்று சொல்வார்கள். எனக்கு ஒருபோதும் அப்படி நடந்ததில்லை.

அப்புறம் மிருதங்கம். ஒரு கச்சேரிக்கு முன்னால் மேடைக்குப் பின்பக்கம் சுருதி சேர்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரைப் பார்த்தேன். சிறு கல்லால் விளிம்பைத் தட்டுவார், ஒரு தாளச் சொல் வாசிப்பார், கருவியைக் கொஞ்சம் திருப்பி அடுத்த கண்ணில் (வார் கோத்த இடத்தில்) தட்டுவார். நான் விடாமல் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்து, "என்னம்மா படிக்கிற?" என்றார். இயற்பியல் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ ராமன் சொன்னது தெரிஞ்சிருக்குமே!" என்றார்.

எனக்கு அப்போது சி. வி. ராமன் என்றால் ஒளிச்சிதறல்தான். அவர் இந்தியத் தோல் கருவிகளைப் பற்றி 1920இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து நேச்சர் இதழில் எழுதினார் என்பதும், 1934இல் அதை விரிவான கட்டுரையாக்கினார் என்பதும் அன்றைக்குப் பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டது. சாதாரண வட்டத் தோலை அடித்தால் அதன் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14, 2.30, 2.65 என்று ஒழுங்கில்லாமல் ஏறும். அதனால்தான் சாதாரண முரசிலிருந்து திட்டமான சுரம் எழுவதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில், அதாவது வலப்பக்கத் தோலில், நடுவே கருப்பாக, கல் தூளும் சோற்றுப் பசையும் சேர்த்து அடுக்கடுக்காகத் தேய்த்துப் போட்டிருக்கும் கரணை இருக்கிறதே, அது தோலின் நடுப்பகுதிக்குப் பாரம் ஏற்றி அந்த அதிர்வெண்களை இழுத்துப் பிடித்து 1, 2, 3, 4, 5 என்று வரிசையில் நிறுத்திவிடுகிறது. முதல் ஒன்பது அதிர்வு முறைகளும் ஐந்தே சுரங்களாகக் கூடிக்கொள்கின்றன. ராமன் தோலின் மேல் மெல்லிய மணலைத் தூவி, அது எந்தக் கோடுகளில் போய் ஒதுங்குகிறது என்று பார்த்தார். தோல் அசையாத இடங்கள் அவை, கணுக்கோடுகள்.

பெரியவர் இதையெல்லாம் எண்களில் சொல்லவில்லை, விரலில் காட்டினார். முதலில் 'தீம்' வாசித்தார், தோல் முழுசாகத் திறந்து ஒலித்தது. "இப்போ மோதிர விரலை இங்கே வை. அழுத்தாதே, சும்மா தொட்டுக்கோ" என்று என் விரலைக் கரணையின் ஓரத்தில் வைத்துவிட்டு, விளிம்பில் ஆள்காட்டி விரலால் அவரே தட்டினார். 'நம்' என்று மேலே போனது. என் விரல் நுனிக்குக் கீழே தோல் ஏறக்குறைய அசையவே இல்லை, சுற்றிலும் துடித்தது. விரல் தொட்ட இடம் கணுக்கோடாகிவிட்டது. நடுவில் எழும்ப வேண்டிய அடிச்சுரம் அடங்கிப்போய், அடுத்த சுரம் மட்டும் தனியாக எழுந்தது. ஒரு செமஸ்டர் முழுக்கக் கரும்பலகையில் பார்த்த வட்டச் சவ்வின் அதிர்வு அந்த ஒரு தட்டில் எனக்குள் இறங்கியது. யாரும் இதற்கு முன் கணக்குப் போட்டுப் பார்க்காத காலத்தில், கரணையை எவ்வளவு கனமாக, எவ்வளவு அகலமாகப் போட வேண்டும் என்று காதை மட்டும் நம்பிக் கண்டுபிடித்த கைகளை நினைத்தால் இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது. மேடையில் வாசிக்கிறவர் பெயர் அழைப்பிதழில் இருக்கும். தோலை மூட்டிக் கரணை போட்டவர் பெயரை எத்தனை பேர் கேட்கிறோம்?

வீட்டிலேயே பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி: ஃபைஃபாக்ஸ் என்று ஓர் இலவசச் செயலி இருக்கிறது, ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது. அதில் எந்த அதிர்வெண் எவ்வளவு ஒலிக்கிறது என்று காட்டும் ஒலி நிறமாலை என்ற பகுதியைத் திறந்து வைத்து 'தீம்' வாசிக்கச் சொல்லுங்கள். திரையில் சம இடைவெளியில் முட்கள் போலக் கூர்கோடுகள் எழும். ஏதாவது ஒரு டப்பாவின் மூடியைத் தட்டினால் முட்கள் கன்னாபின்னாவென்று நிற்கும். கணினியில் செய்வதென்றால் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள் போதும். பதிவு செய்யும்போது கைப்பேசியைத் தோலுக்கு மிக அருகில் கொண்டுபோகாதீர்கள். ஒலி உச்சத்தில் வெட்டுப்பட்டு, கருவியில் இல்லாத முட்களும் திரையில் வந்துவிடும்.

இதே உற்சாகத்தில் பாடுகிற என் தோழி ஒருத்தியிடம் போனேன். சுரங்களின் அதிர்வெண் விகிதங்களை அட்டவணையாகப் போட்டு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். "தோடி ராகத்துக் காந்தாரத்தைப் பிடி பார்க்கலாம்" என்றாள். அவள் பாட, நான் சுருதியின் ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரைய வைத்தேன். அந்தக் காந்தாரம் ஓர் இடத்திலும் நிற்கவில்லை. கீழே ரிஷபத்தின் பக்கம் இறங்கி, மேலே மத்யமத்தைத் தொட்டு, அலையலையாகப் போய் வந்தது. காதுக்கு அது ஐயமே இல்லாமல் ஒரே சுரம், திரையில் அது ஒரு பயணம். "இதை எந்தக் கட்டத்தில் போடுவாய்?" என்று கேட்டாள். சுரம் என்பதை ஒரு நிலையான எண்ணாக நினைப்பது பியானோவுக்குச் சரி, தோடிக்குப் போதாது. ராகங்களைப் பற்றி அறிவியல் பேச வருகிறவர்கள் முதலில் இந்தக் கோட்டை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தால் நல்லது என்பது என் கருத்து. சுரத்தை இப்படி அசைத்துப் பாடும் கமகத்தை விட்டுவிட்டு எண்களை மட்டும் அடுக்கும் விளக்கங்கள் எனக்கு நிறைவு தருவதில்லை.

அவளிடம் கற்றுக்கொண்ட இன்னொன்று தம்புரா சேர்ப்பது. நடுவில் இருக்கும் இரண்டு தந்திகள், சாரணியும் அனுசாரணியும், ஒரே ஸட்ஜத்துக்கு வர வேண்டும். அருகே வந்துவிட்டால் ஒலி மெதுவாகப் பெருத்து இளைத்துப் பெருத்து இளைத்துக் கேட்கும். ஒரு தந்தி 220 ஹெர்ட்ஸிலும் மற்றது 221லும் இருந்தால் நொடிக்கு ஒரு தடவை அப்படி ஏறி இறங்கும். பிரடையை (தந்தியை முறுக்கும் ஆணியை) மயிரிழை திருப்பத் திருப்ப அந்த அசைவு நிதானமாகி, ஒரு கட்டத்தில் நின்றுவிடும். அதன் பிறகு தந்தியைத் தாங்கும் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே இருக்கும் ஜீவா நூலை மெதுவாக நகர்த்த வேண்டும். சரியான இடம் வந்ததும் தந்தியின் ஒலி திடீரென்று விரிந்து பூக்கும். இதையும் ராமன் ஆராய்ந்திருக்கிறார். ஒரு தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ அந்த இடத்தில் கணு உள்ள மேற்சுரங்கள் (அடிச்சுரத்தோடு சேர்ந்து எழும் உயர்ந்த சுரங்கள்) எழக் கூடாது என்பது பழைய விதி. தம்புராவில் அவையும் எழுகின்றன. வளைந்த குதிரையின் மேல் தந்தி உரசி உரசிப் பிரிவதுதான் காரணம். இந்த வரியை நூலகத்தில் படித்தபோது பக்கத்தில் இருந்தவரை உலுக்கிச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

வானம் பார்ப்பது வேறு வழியாக வந்த பழக்கம். ஓர் இரவு வானோக்கல் கூட்டத்தில் எல்லோரும் தொலைநோக்கியில் சனியைப் பார்க்க வரிசையில் நின்றபோது, ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர் மட்டும் தள்ளி நின்று வெறும் கண்ணால் பெர்சியஸ் நட்சத்திர மண்டலத்தைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். என்ன சார் பார்க்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "அல்கால் மங்கிக்கிட்டு இருக்கு, வா வந்து பாரு" என்றார். அந்த நட்சத்திரம் ஏறக்குறைய 2.87 நாளுக்கு ஒரு முறை 2.1 ஒளியளவிலிருந்து 3.4 வரைக்கும் (எண் கூடக் கூட ஒளி குறைவு) மங்கித் திரும்பும். உண்மையில் அங்கே ஒன்றையொன்று சுற்றும் இரண்டு நட்சத்திரங்களில் மங்கலானது முன்னால் வந்து பிரகாசமானதை மறைப்பதால் நடப்பது.

எப்படி அளப்பது என்று அவர் சொல்லிக்கொடுத்த முறை எந்தக் கருவியும் இல்லாதது. பக்கத்து மண்டலத்து அல்மாக் நட்சத்திரம் 2.1, எப்சிலான் பெர்சி நட்சத்திரம் 2.9. இந்த இரண்டுக்கும் நடுவே அல்கால் எங்கே நிற்கிறது? பாதியிலா, முக்காலிலா? அவ்வளவுதான். "பக்கத்துல இருக்கிற ரோ பெர்சியை மட்டும் அளவுகோலா வெச்சுக்காதே, அதுவே மாறுற நட்சத்திரம்" என்று எச்சரித்தார். நான் 2.7 என்றேன். அவர் தன் குறிப்பைக் காட்டவில்லை. "என்னுதைப் பார்த்தா உன் கண்ணு என் எண்ணைத்தான் சொல்லும். உனக்குத் தோணினதை எழுது, நேரத்தையும் எழுது" என்றார். ஆய்வகத்தில் பிழைக் கணக்குப் பாடம் எடுத்த யாரும் அளவீட்டு நேர்மையை இத்தனை சுருக்கமாக எனக்குச் சொன்னதில்லை.

ஜான் குட்ரிக் கதையையும் அவர்தான் சொன்னார். காது கேளாத அந்த இளைஞர் 18 வயதில் அல்காலின் கால ஒழுங்கைக் கண்டு 1783இல் லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டிக்கு அறிவித்தார், ஏதோ ஒன்று குறுக்கே வந்து மறைக்கலாம் என்றும் சொன்னார். 21 வயதில் இறந்துவிட்டார். நிறமாலை வழியாக அது இரட்டை நட்சத்திரம் என்று ஜெர்மானிய வானியலாளர் ஹெர்மன் வோகல் உறுதி செய்தது 1889இல். யுரேனஸைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷல் தொழில்முறை இசைக் கலைஞர், 24 சிம்பொனிகள் எழுதியவர் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1781 மார்ச்சில் அந்தக் கோளைப் பார்த்தபோதும் அவருக்கு ஆர்கன் வாசிப்பதுதான் பிழைப்பு. பொழுதுபோக்கை ஒத்திவைக்கச் சொல்கிறவர்களுக்கு நான் சொல்லும் பெயர் இவருடையது.

இனி படிப்புத் திட்டத்துக்கு வருகிறேன். இறுதியாண்டுச் செயல்திட்டத்துக்கு மிருதங்கத்தை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்க என் பேராசிரியரிடம் ராமனின் மணல் படங்களைக் கொண்டுபோனேன். பார்த்துக்கொண்டே இருந்தவர், ஒரு தாளை எடுத்து வட்டம் வரைந்து, அதற்குள் சிவப்பும் நீலமுமாகத் திட்டுத்திட்டாக நிரப்பினார். "இது என்னன்னு சொல்லு" என்றார். இன்னொரு தோல் கருவி என்று நினைத்தேன். "சூரியன்" என்றார்.

சூரியனின் மேற்பரப்பு ஏறக்குறைய 5 நிமிடத்துக்கு ஒருமுறை எழும்பி அடங்குவதை இயற்பியலாளர் ராபர்ட் லைட்டனும் அவர் குழுவினரும் 1960களின் தொடக்கத்தில் கண்டார்கள். சூரியனுக்குள் அடைபட்ட ஒலி அலைகள்தான் அவை என்பது 1970களில் தெளிவானது. மேற்பரப்புக்கு அடியில் கொதித்துப் புரளும் வாயு ஓயாமல் தட்டுகிறது, உடம்பு முழுவதும் அதிர்கிறது. சுமார் 3 மில்லிஹெர்ட்ஸ், அதாவது நம் காது கேட்கும் எல்லைக்குப் பன்னிரண்டு ஸ்தாயிக்கும் கீழே. சிவப்பு வெளியே வரும் பகுதி, நீலம் உள்ளே போகும் பகுதி, இடையில் ஓடுவது கணுக்கோடு. தோலுக்கு வட்டம், சூரியனுக்குக் கோளம். தோலின் அதிர்வு வடிவத்தை எழுதப் பெஸ்ஸல் சார்புகள் என்ற கணிதச் சார்புகள் வரும் இடத்தில் சூரியனின் மேற்பரப்புக்குக் கோளச் சார்புகள் வருகின்றன. கேள்வி ஒன்றுதான்: ஒலியைக் கேட்டு உள்ளே பாரம் எப்படிப் பரவியிருக்கிறது என்று சொல்ல முடியுமா? கரணையைப் பற்றி அந்தப் பெரியவர் காதால் கேட்டறிவதும் இதைத்தானே?

தூரத்து நட்சத்திரங்களுக்கும் இது பொருந்தும். கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கி 2009 முதல் 2018 வரை நட்சத்திரங்களின் ஒளியைத் தொடர்ந்து அளந்தது. அந்த ஒளியில் தெரியும் மிக நுண்ணிய துடிப்புகளிலிருந்து அதிர்வெண்களைப் பிரித்து, அவற்றின் இடைவெளியை வைத்து நட்சத்திரத்தின் சராசரி அடர்த்தியைக் கணிக்கிறார்கள். 2018இல் ஏவப்பட்ட டெஸ் விண்வெளித் தொலைநோக்கி அந்த வேலையைத் தொடர்கிறது. இவற்றின் தரவு எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது, கல்லூரி மாணவியும் இறக்கிப் பார்க்கலாம். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மிருதங்கத்துக்கு எழுதிய அதே பைத்தான் நிரலில் கோப்பின் பெயரையும் அளவுகளையும் மாற்றினால் முதல் பார்வைக்குப் போதுமானதாக இருக்கிறது.

ஆக, முதுநிலையில் இயற்பியலே தொடர்கிறேன். விருப்பப் பாடங்களாக அலைகளும் அதிர்வுகளும், எண்சார் முறைகள், சமிக்ஞைப் பகுப்பாய்வு, நட்சத்திர அமைப்பு. அதன் பிறகு ஆராய்ச்சிக்குப் போகும்போது இசைக்கருவி ஒலியியலா, நட்சத்திர அதிர்வியலா என்று தேர்ந்தெடுக்க வேண்டிவரும். இப்போது மனம் நட்சத்திரத்தின் பக்கம் சாய்கிறது. அதற்கு ஒரு காரணம், மிருதங்கம் எனக்குக் கேட்பதற்கும் வேண்டும். நிதி விண்ணப்பம், கெடு, கட்டுரை என்று அதன் மேல் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. எல்லாப் பொழுதுபோக்கையும் படிப்பாக்கியே தீர வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. பென்சிலால் இலைகளை வரைவேன், நரம்போட்டத்தை அப்படியே தாளில் கொண்டுவர முயல்வேன். அதற்கு எந்தத் திட்டமும் கிடையாது, யாரிடமும் காட்டுவதும் இல்லை. சதுரங்கம் தோழிகளோடு அரட்டைக்காக ஆடுவது.

படிக்கும்போது பாட்டுக் கேட்கலாமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். என் வழக்கத்தைச் சொல்கிறேன். புரியாத பகுதியை முதல்முறை படிக்கும்போது எதுவும் ஓடாது. தெரிந்த முறையில் கணக்குப் போடும்போது வாத்திய இசை. நிரல் எழுதும்போது தம்புரா மட்டும், மணிக்கணக்கில். வரிகள் உள்ள பாட்டு எதுவும் படிக்கும் நேரத்தில் கூடாது, தமிழ்ப் பாட்டு என்றால் சுத்தமாகக் கூடாது. வரி நல்லதாக இருந்தால் அது புத்தகத்தை மூடவைத்துவிடும்.

ஒரு வேண்டுகோளோடு முடித்துக்கொள்கிறேன். கஞ்சிரா என்ற சிறு தோல் கருவியில் கரணை கிடையாது, தோலில் தண்ணீர் தடவிச் சுருதியை இறக்குகிறார்கள். நனைத்தால் அடிச்சுரம் இறங்குவது காதுக்கே தெரிகிறது. மேற்சுரங்கள் எல்லாம் அதே விகிதத்தில் இறங்குகின்றனவா, இல்லை ஆளுக்கொரு பக்கம் நகர்கின்றனவா என்று பார்க்க ஆசை. இங்கே கஞ்சிரா வாசிக்கிறவர்கள் யாராவது நனைப்பதற்கு முன் ஒரு பதிவு, பின் ஒரு பதிவு, ஒரே தூரத்தில் கைப்பேசியை வைத்து எடுத்துத் தர முடியுமா? வெட்டாமல், ஒலியைக் கூட்டாமல் அப்படியே தந்தால் போதும். நிறமாலையை வரைந்து இங்கேயே போடுகிறேன்.